இன்ஜின் மாறியதால் பிழைத்த கார்கள்
சேலம் சமவெளியிலிருந்து அமெரிக்கப் பழைய வண்டிகளைப் பற்றி ஓர் ஆய்வு

அமெரிக்காவில் பழைய கார் விற்பவர்கள் வண்டியை இரண்டு வகையாகப் பிரித்துத்தான் விலை பேசுகிறார்கள். ஒன்று ‘சர்வைவர்’. கம்பெனியில் அடித்த பெயிண்ட் மங்கியிருக்கும், சீட் துணி நைந்திருக்கும், ஆனால் எதையும் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். மற்றது ‘புராஜெக்ட்’. துருப்பிடித்து, பாகங்கள் காணாமல் போய்க் கிடக்கும் இந்த வண்டியை வாங்குகிறவர்தான் பிரித்து, தேடி, மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும். கை படாத வண்டிக்கு அங்கே தனி மரியாதை உண்டு. அந்நாட்டின் பழங்கார்ச் சங்கமான ஏ.ஏ.சி.ஏ. 1980-களிலேயே அசல் அம்சங்கள் குலையாத வண்டிகளுக்குத் தனிப் பிரிவு வைத்தது. கார்வெட் கார்களுக்கான புளூமிங்டன் கோல்டு கண்காட்சி ‘சர்வைவர்’ என்ற பெயரிலேயே விருது கொடுக்கிறது.

இந்தக் கணக்கை மேச்சேரி, ஓமலூர், சங்ககிரி பக்கம் கொண்டுவந்தால் ஒத்துவராது. தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் கை படாமல் விடப்பட்ட அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவை காயலான் கடை எடைக்கல்லில் முடிந்தன. ஓடிப் பிழைத்தவை டீசல் இன்ஜின் ஏறியவை, கியர்பாக்ஸ் மாறியவை, கல்யாண ஊர்வலத்துக்காகக் கூரை வெட்டப்பட்டவை. மாற்றம்தான் அவற்றைக் காப்பாற்றியது. அப்படியானால் இன்று அப்படி ஒரு வண்டியை வாங்குபவர் எதை அசல் என்று கொள்ள வேண்டும், எதைத் திருத்த வேண்டும், எதை அப்படியே விட வேண்டும்? சட்டம் இதற்கு ஒரு விடை சொல்கிறது. வண்டியின் வரலாறு வேறு விடை சொல்கிறது.

வந்த வழி

இந்தியாவுக்கு வந்த ‘அமெரிக்க’ ஃபோர்டு கார்களில் பல உண்மையில் கனடாவிலிருந்து வந்தவை. பிரிட்டிஷ் பேரரசின் நாடுகளில், பிரிட்டன் நீங்கலாக, ஃபோர்டு விற்கும் உரிமை 1904-இல் தொடங்கிய கனடா ஃபோர்டு நிறுவனத்திடம் இருந்தது. பேரரசுக்குள் வரிச் சலுகை கிடைத்தது, வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியும் அங்கே கட்டப்பட்டது. அந்தக் கனடா நிறுவனம்தான் 1926-இல் ஃபோர்டு இந்தியாவைத் தொடங்கியது. பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்று துறைமுகங்களிலும் பெட்டிகளில் வந்த பாகங்கள் வண்டியாகப் பூட்டப்பட்டன. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் ஆலை திறந்து செவர்லேயை இறக்கியது. மதுரையில் பஸ் சர்வீஸ் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ் முகவராக வளர்ந்ததும், தென்மாவட்டச் சாலைகளில் செவர்லே பஸ்ஸும் காரும் பரவியதும் இந்தக் காலத்தில்தான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் வேறொரு வாசல் திறந்தது. ராணுவம் கழித்துவிட்ட ஜீப், டாட்ஜ், செவர்லே, ஃபோர்டு வண்டிகள் ‘டிஸ்போசல்’ ஏலத்தில் வந்தன. லாரித் தொழிலில் இறங்கிய பலருக்கு முதல் வண்டியாக அமைந்தவை அவை. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லருடன் ஒப்பந்தம் செய்து, 1947 முதல் பம்பாய் குர்லாவில் டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ கார்களைக் கட்டியது. அதே ஆலையின் ஃபார்கோ, டாட்ஜ் லாரிகள் தமிழ்நாட்டு லாரிப்பட்டறைகளுக்கு நெடுங்காலம் பழக்கமாக இருந்தன. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரைக் கட்டியது.

இந்த வரவு 1950-களின் நடுவில் நின்றது. இங்கேயே பாகங்களைச் செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று 1953-இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைக்க, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954-க்குள் கடையைக் கட்டின. அதன்பின் புதிய அமெரிக்கக் கார் வர ஏறக்குறைய ஒரே வழிதான் இருந்தது. வெளிநாட்டுத் தூதர்கள் தங்களுக்கென்று கொண்டுவந்த வண்டிகள், அவர்கள் ஊர் திரும்பும்போது 1956-இல் தொடங்கிய அரசு வணிகக் கழகம் வழியாக விற்கப்பட்டன. செவர்லே இம்பாலா போன்ற கார்கள் இப்படித்தான் சினிமாக்காரர்கள், மில் முதலாளிகள் கைக்கு வந்தன. நடிகர் எம்.ஆர். ராதா தன் இம்பாலாவில் வைக்கோல் ஏற்றிச் சென்றார் என்று திரையுலகம் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதைக்குப் பின்னால், அந்தக் காருக்கு ஊரார் வைத்திருந்த பயம் கலந்த மரியாதை இருக்கிறது. வெறும் பிளசர் கார் என்றால் அந்தக் கதையில் சிரிப்பு வராது.

இப்படி மூன்று அலைகளாக வந்தவற்றை வாங்குபவர் பிரித்துப் பார்க்க வேண்டும். போருக்கு முந்தைய செவர்லே, ஃபோர்டு முதல் அலை. 1947-க்குப் பிந்தைய குர்லா டாட்ஜ், பிளைமவுத் இரண்டாம் அலை. தூதரக இம்பாலாக்கள் மூன்றாம் அலை. மூன்றாவதில் இடப்பக்க ஸ்டீயரிங் அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ஆம் பிரிவு, கைகாட்டும் கருவி பொருத்தாமல் அப்படிப்பட்ட வண்டியை ஓட்டக்கூடாது என்கிறது. அதனால் பலர் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றினார்கள். அந்த மாற்று வேலையில் பெடல், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், டேஷ்போர்டு எல்லாம் இடம்பெயரும். விலை பேசுவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் இடம் அது.

பெட்ரோலும் டீசலும்

இந்த வண்டிகளை எரிபொருள் மாற்றத்துக்குத் தள்ளியது 1970-களின் விலையேற்றம் மட்டுமல்ல. போர்க்காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோதே கார், பஸ், லாரி பலவற்றின் பின்புறத்தில் கரி அடுப்பு ஏறிவிட்டது. அடுப்புக்கரியை எரித்து வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டும் ‘கேஸ் பிளான்ட்’ அது. சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். நிறுவனமே அதைத் தயாரித்து விற்றது. எரிபொருள் கிடைக்காவிட்டால் வண்டியை நிறுத்த மாட்டோம், வண்டியை மாற்றுவோம் என்ற பழக்கம் நம் பட்டறைகளுக்கு அப்போதே வந்துவிட்டது.

1973-க்குப் பின் பெட்ரோல் விலை ஏறியபோது, லிட்டருக்கு 6, 7 கிலோமீட்டர் கொடுக்கும் ஆறு சிலிண்டர் காரை வைத்துக்கொள்ள எவருக்கும் கட்டுப்படியாகவில்லை. அதற்குள் டீசல் இன்ஜின் கையெட்டும் தூரத்தில் வந்திருந்தது. சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் பி-6 இன்ஜினை 1950-களிலேயே செய்யத் தொடங்கியிருந்தது. பின்னாளில் மேட்டடார் வேனின் இன்ஜினும், அம்பாசடர் டீசல் இன்ஜினும், ஜீப் இன்ஜினும் பழைய பொருள் சந்தையில் புழங்கின. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாக வாங்கி, மவுண்டிங் வெல்டு அடித்து, பிளசர் காரின் மூக்குக்குள் இறக்கினார்கள். எடை கூடியது, சத்தம் கூடியது, வேகம் குறைந்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை.

எந்த அமெரிக்கக் காரில் இது எளிது, எதில் கடினம் என்பதைக் கட்டமைப்பே தீர்மானித்தது. டாட்ஜ், பிளைமவுத் கார்களில் கியர்பாக்ஸிலிருந்து பின்அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் லாரியில் உள்ளதைப் போலத் திறந்த நிலையில், இரண்டு முனையிலும் ஜாயிண்ட் வைத்து இருந்தது. வேறு கியர்பாக்ஸ் வைத்தால் லேத்தில் ஷாஃப்டை வெட்டிச் சேர்த்தால் போதும். செவர்லேயில் 1954 வரையும், ஃபோர்டில் 1948 வரையும் அந்த ஷாஃப்ட் ஒரு கனத்த குழாய்க்குள் மூடியிருந்தது. அந்தக் குழாய்தான் பின்அச்சின் தள்ளுவிசையையும் தாங்கியது. இன்ஜினை மாற்றினால் பின்அச்சையும் அதைக் கட்டும் ஸ்பிரிங் அமைப்பையும் மாற்ற வேண்டும். டீசல் டாட்ஜில் பின்அச்சு அசலாகவே இருக்க வாய்ப்பு அதிகம். டீசலாக மாறிய போருக்கு முந்தைய செவர்லேயில் அது வேறு வண்டியின் அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். விற்பவர் சொல்லாவிட்டாலும் இது தெரிந்திருந்தால் பாதி வரலாறு கைக்கு வந்துவிடும்.

ஒரு மாற்றம் அடுத்த மாற்றத்தை இழுத்து வந்தது. செவர்லே, ஃபோர்டு கார்களின் வைப்பர் மோட்டார் பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தில் ஓடியது. டீசலில் அந்த வெற்றிடம் இல்லை. ஆகவே டீசல் ஏறிய அன்றே வைப்பர் செத்துப்போகும், மின்சார வைப்பர் மாட்டியாக வேண்டும். 1950-களின் நடுப்பகுதி வரை அமெரிக்கக் கார்களில் 6 வோல்ட் மின்சாரம்தான். ஃபோர்டும் கிரைஸ்லரும் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை எர்த்துக்குக் கொடுத்தன. டீசல் ஸ்டார்ட்டருக்கு 12 வோல்ட் வேண்டும். பல்பு, ஹாரன், டைனமோ, டேஷ்போர்டு மீட்டர் எல்லாம் மாறின. ஸ்டீயரிங் தண்டில் இருந்த கியர் லீவர் போய், தரையில் ஓட்டை வெட்டி மேட்டடார் லீவர் எழுந்தது. இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு இன்ஜின்.

ஆர்.சி. புத்தகத்தைப் படிப்பது

பழைய கார் வாங்கப் போகிறவர் வண்டிக்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுவது நல்லது. பழைய புத்தகங்கள் பல பக்கங்கள் கொண்டவை. மையால் எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் அடித்தவை. யார் பெயரில் முதலில் பதிவானது, எந்த ஆண்டு எந்த மாவட்டத்துக்கு மாறியது, எந்த நிதி நிறுவனத்தின் கடன் இருந்தது, எப்போது தீர்ந்தது என்று வண்டியின் வாழ்க்கை அதில் வரிசையாக இருக்கும். நமக்கு வேண்டிய வரி ஒன்றுதான்: இன்ஜின் மாற்றம், எரிபொருள் மாற்றம் பதிவாகியிருக்கிறதா என்பது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றினால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒழுங்காகச் செய்தவர்கள் ‘டீசல்’ என்று எழுதி, புது இன்ஜின் நம்பரையும் ஏற்றியிருப்பார்கள். அப்படி எழுதாமல் விட்ட வண்டிகளும் நிறைய. அவற்றில் புத்தகம் ஒரு இன்ஜினைச் சொல்லும், பானெட்டுக்குள் வேறொன்று இருக்கும்.

அசல் இன்ஜினே இருக்கிறது என்று சொன்னால் சரிபார்ப்பது கடினமில்லை. பிளைமவுத், டாட்ஜ் ஆறு சிலிண்டர் இன்ஜினின் இடப்பக்கம், டைனமோவுக்கு மேலே, ஹெட்டுக்குக் கீழே, பிளாக்கில் ஒரு சிறிய தட்டையான மேடை இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தால் வெட்டிய எழுத்துகள் தெரியும். பிளைமவுத்தில் ‘பி-15’ என்று தொடங்கினால் 1946 முதல் 1948 வரையிலான மாடல், ‘பி-23’ என்றால் 1951, 1952. ஆர்.சி.யில் மாடல் 1951 என்று எழுதி, பிளாக்கில் பி-15 இருந்தால் இன்ஜின் எங்கோ வழியில் மாறியிருக்கிறது. சேசிஸ் எண்ணைச் சொல்லும் தகடு முன்கதவின் கீல் பதியும் தூணில் இருக்கும். அந்தத் தகட்டின் திருகில் புதுப் பெயிண்ட் கீறல் தெரிந்தால் கொஞ்சம் நிதானிக்கலாம்.

அமெரிக்காவிலிருந்து பாகம் தருவிக்கும் முன் அளந்தும் பார்க்க வேண்டும். டெட்ராய்ட்டில் வார்த்த பிளைமவுத், டாட்ஜ் ஆறு சிலிண்டர் பிளாக்கின் ஹெட் ஏறத்தாழ 23 அங்குல நீளம், கனடாவில் வார்த்தது ஏறத்தாழ 25 அங்குலம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஹெட் கேஸ்கெட் ஒன்றுக்கொன்று சேராது. டேப் வைக்காமல் ஆர்டர் போட்டால் கஸ்டம்ஸ் கட்டணம் கட்டிய பிறகுதான் தெரியவரும்.

உடம்பும் உள்ளும்

அமெரிக்கப் பழைய காரில் இன்ஜினைவிடச் செலவு வைப்பது பாடி. இன்ஜினுக்கு வழி உண்டு. ஃபோர்டு மாடல் ஏ மட்டும் 1927 முதல் 1931 வரை ஏறத்தாழ 48 லட்சம் கார்கள் உருவாயின. செவர்லே, பிளைமவுத் கார்களும் லட்சக்கணக்கில் உருவானவை. அவற்றுக்குப் பிஸ்டன், வால்வு, கேஸ்கெட், பிரேக் பாகங்களை அமெரிக்காவில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். ஐரோப்பிய அபூர்வ வண்டிகளுக்கு இல்லாத வசதி இது. ஆனால் மட்கார்டு, கதவு, தரைத் தகடு ஆகியவற்றை அங்கிருந்து கொண்டுவருவது கட்டுப்படியாகாது. அவற்றை இங்கேதான் தட்டி எடுக்க வேண்டும்.

சேலம் சமவெளியின் வறண்ட காற்று இதில் கை கொடுக்கிறது. கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் நின்ற வண்டியைவிட ஓமலூர், தாரமங்கலம் பக்கம் கொட்டகையில் நின்ற வண்டியின் தகடு நன்றாக இருக்கும். இங்கே எதிரிகள் வேறு: கறையான், எலி, கைவினைஞரின் பட்டி. 1930-களின் நடுப்பகுதி வரை செவர்லேயின் பாடிக்குள் மரச்சட்டம் இருந்தது. வெளியே தகடு பளபளவென்று இருக்க, உள்ளே சட்டத்தைக் கறையான் தின்றுவிட்டால் கதவு தொங்கும், கூரை ஆடும். கதவைப் பாதி திறந்து மேலே தூக்கிப் பார்த்தாலே இது புரிந்துவிடும். எலிகள் துணி சுற்றிய பழைய வயரிங்கை விரும்பிக் கடிக்கும். ஓடாமல் கிடந்த வண்டியில் வயரிங்கை முழுதாக மாற்றாமல் பேட்டரி கொடுப்பது தீயை அழைப்பது.

பட்டி விஷயத்துக்குக் காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் கீழ்விளிம்பு, படிக்கட்டின் அடிப்பகுதி, மட்கார்டு வளைவு, டிக்கித் தரை ஆகிய இடங்களில் நகர்த்திப் பாருங்கள். தகடு இருந்தால் இழுக்கும், பட்டி தடித்திருந்தால் வழுக்கும். பழைய டிங்கர்கள் தகட்டைச் சுத்தியலால் தட்டி நேராக்கி, மேலே மெல்லியதாகப் பட்டி பார்ப்பார்கள். அவசர வேலையில் துருவின் மேலேயே பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துவிடுவதும் உண்டு. புதுப்பித்துவிட்டோம் என்று சொல்லி விற்கப்படும் பளபளப்பான வண்டியில் காந்தம் பல இடங்களில் வழுக்கினால், அது புராஜெக்ட் விலைக்குத்தான் தகுதியானது.

கூரை வெட்டிய வண்டிகள் தனி ரகம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும். கம்பெனி கட்டிய திறந்த கார் இந்தியாவுக்கு வந்தது குறைவு. ஆகவே செடான் கூரையை வெட்டி ‘ஓப்பன்’ ஆக்கினார்கள். இவ்வகைக் கார்களில் பாடி தனிச் சேசிஸ் மேல் உட்கார்ந்திருப்பதால் கூரை போனாலும் வண்டி ஓடும். ஆனால் கதவுத் தூண்கள் விரிந்து, பள்ளம் மேட்டில் கதவு தானாகத் திறக்கும். கம்பெனியின் கன்வெர்ட்டிபிளாக இருந்தால் சேசிஸில் கூடுதல் வலுவூட்டல் தெரியும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் ‘ஒரிஜினல் கன்வெர்ட்டிபிள்’ என்ற பேச்சை நம்பக்கூடாது.

இன்ஜினைப் பொறுத்தவரை இரண்டு எச்சரிக்கைகள். செவர்லேயின் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜினில் கனெக்டிங் ராடுகளுக்குத் தனி பேரிங் கிடையாது. உருக்கிய வொயிட் மெட்டலை நேரடியாக ராடில் ஊற்றிக் கடைந்திருப்பார்கள். ஆயில் அதற்கு முழு அழுத்தத்தில் போகாது, தெறித்துத்தான் போகும். எக்ஸ்பிரஸ் சாலையில் இன்றைய வேகத்துக்கு ஓட்டினால் தாங்காது. கோவையில் ஆயில் இன்ஜின் வேலை செய்த பழைய ஆட்களுக்கு வொயிட் மெட்டல் ஊற்றத் தெரியும். அந்தக் கை கிடைக்காவிட்டால் இந்த இன்ஜினை எடுக்காமலிருப்பது மேல். ஃபோர்டின் பழைய வி-8 இன்ஜினில் புகைபோகும் வழி பிளாக்கின் நீர்ப்பகுதிக்குள்ளாகவே செல்லும். சேலத்துச் சித்திரை வெயிலில் அது கொதிக்காமலிருந்தால்தான் ஆச்சரியம். பல ஃபோர்டுகளில் இந்த இன்ஜின் நிலைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைய பெட்ரோலும் பிரச்சினைதான். 2000-இல் ஈயப் பெட்ரோல் நின்றபோது இந்தக் குறைந்த அழுத்த இன்ஜின்கள் அதைப் பெரிதாக உணரவில்லை. இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் டயாஃப்ரத்தையும், தக்கை மிதவையின் பூச்சையும் தின்கிறது. ஃப்யூயல் பம்ப் டயாஃப்ரம், ஹோஸ், கார்புரேட்டர் கிட் மூன்றையும் எத்தனால் தாங்கும் பொருளில் மாற்றுவது எந்தப் புதுப்பிப்பிலும் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

இந்தச் சமவெளியின் கைகள்

அமெரிக்க வண்டியைப் புதுப்பிக்கச் சென்னைக்கோ கோவைக்கோதான் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தின் கார் அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது. சென்னையில் ஏ.வி.எம். பாரம்பரிய அருங்காட்சியகம் 2023-இல் திறந்தது. பார்த்துக் கற்க அவை நல்ல இடங்கள். ஆனால் தகடும் இரும்பும் சார்ந்த வேலைக்குச் சேலம், நாமக்கல் சமவெளிக்கு இணையான இடம் தமிழ்நாட்டில் குறைவு.

காரணம் காரில்லை, லாரி. நாமக்கல்லில் வெறும் சேசிஸாக வரும் லாரிக்குக் கேபினும் பாடியும் கட்டும் பட்டறைகள் தெருத்தெருவாக உள்ளன. திருச்செங்கோட்டுக்காரர்கள் போர்வெல் ரிக்குகளோடு நாடு முழுதும் போய், போகும் இடத்திலேயே கம்ப்ரசரையும் கியரையும் பிரித்துச் சரிசெய்து பழகியவர்கள். சங்ககிரி லாரி உரிமையாளர்களின் ஊர். ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி, வளைத்து, மறுபடி கடினப்படுத்தும் வேலை இங்கே அன்றாடம். பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றின் பின்பக்கமும் அதே பட்டை ஸ்பிரிங்தான். மேச்சேரி என்றதும் செம்மறி ஆடும் பத்ரகாளியம்மன் கோயிலும் நினைவுக்கு வரலாம். ஆனால் பக்கத்துப் பொட்டனேரியில் உள்ள ஜே.எஸ்.டபிள்யூ. உருக்காலை வாகனப் பாகங்களுக்கான சிறப்புக் கலவை எஃகை உருக்குகிறது. அச்சுக்கும் கியருக்கும் எப்படிப்பட்ட எஃகு வேண்டும் என்று தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கிறார்கள். போருக்கு முந்தைய செவர்லேயின் 6.00-16 டயரைக்கூட அலைந்து தேட வேண்டியதில்லை. ஜீப்பும் டிராக்டரின் முன்சக்கரமும் அதே அளவில் ஓடியதால் டிராக்டர் டயர் கடையில் விசாரிக்கலாம். டிராக்டர் டயரின் வரிப்பள்ளமும் வேகமும் காருக்கு ஏற்றவை அல்ல என்பதால் ஜீப்புக்கான வகையைக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் திறமைக்கு ஒரு குறையும் உண்டு. லாரிப் பட்டறையின் நோக்கம் வண்டி நாளை லோடுக்குப் போக வேண்டும் என்பது. வலுவுக்காக ஆங்கிளை வெல்டு அடிப்பது, அளவை மீறிய தடித்த தகட்டைப் போடுவது, கழற்றிய போல்ட்டைத் தூக்கி எறிந்து புதியது போடுவது எல்லாம் அங்கே சரி. பழைய காரில் அந்த போல்ட்டின் தலையில் உள்ள எழுத்துகூட ஒரு சான்று. ஆகவே இந்தப் பக்கம் வேலை கொடுப்பவர் வேலை தொடங்கும் முன் மூன்று நிபந்தனைகளை எழுதிக் கொடுப்பது நல்லது. பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுக்க வேண்டும். கழற்றிய எதையும் கேட்காமல் எறியக் கூடாது. கழற்ற முடியாத வேலை எதையும் செய்யக் கூடாது, போல்ட் போட முடிந்த இடத்தில் வெல்டு வேண்டாம்.

சட்டம் சொல்லும் அசல்

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ‘வின்டேஜ்’ வாகனங்களுக்கான விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் அதில் அடங்கும். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். புதிய பதிவு எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பழங்கார்ப் பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். வாடகைக்கு விடக் கூடாது. மாப்பிள்ளை அழைப்பில் சம்பாதித்துத் தன் பராமரிப்புச் செலவைத் தானே பார்த்துக்கொண்ட பழைய ஓப்பன் கார் இந்தப் பதிவுக்குள் வந்தால் அந்த வருமானத்தை இழக்கும்.

சாதாரணப் பதிவிலேயே விட்டால் வேறு செலவு. 15 ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, இறக்குமதிக் காருக்கு 40,000 ஆனது. குர்லாவில் பூட்டிய டாட்ஜ் எந்த வகையில் சேரும் என்பது ஆர்.சி.யில் எப்படி எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வாங்கும் முன் பதிவு அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது பணத்தை மிச்சப்படுத்தும்.

பெரிய சிக்கல் விதியின் வரையறையில் இருக்கிறது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருந்தால் வின்டேஜ் ஆகாது என்கிறது அது. எழுதியபடியே பார்த்தால், 1978-இல் டீசலாகி, ஒழுங்காக ஆர்.சி.யில் ஏற்றப்பட்டு, அதன்பின் நாற்பது ஆண்டுகளாக ஓடிய 1951 டாட்ஜ் தகுதியிழக்கிறது. அதே காரின் டீசல் இன்ஜினைக் கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்பி, வெளிநாட்டிலிருந்து வேறொரு பழைய பெட்ரோல் இன்ஜினைத் தருவித்துப் பொருத்தினால் ‘அசல்’ என்று காட்டிக்கொள்ள வழி பிறக்கிறது. உண்மையைப் பதிவு செய்தவருக்குத் தண்டனை, மறைத்தவருக்குச் சலுகை என்ற நிலை இது.

உலக அளவில் பழைய வாகனங்களுக்கான கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் இந்த இடத்தில் நமக்குப் பொருந்துகிறது. வண்டி தன் வாழ்நாளில், ஓட்டத்தில் இருந்தபோது பெற்ற மாற்றங்கள் அதன் வரலாற்றுக்குச் சாட்சிகள், அவற்றையும் காக்க வேண்டும், ஒவ்வொரு வண்டியையும் ஆலையிலிருந்து இறங்கிய நாளின் நிலைக்குத் திருப்ப வேண்டிய கட்டாயமில்லை என்பது அதன் கருத்து. ஐரோப்பாவில் எழுதப்பட்டாலும் தமிழ்நாட்டு டீசல் டாட்ஜின் நியாயத்தை இந்திய விதியைவிட அது நன்றாகச் சொல்கிறது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. எல்லா மாற்றத்தையும் வரலாறு என்று ஏற்றால் நேற்று மாட்டிய அலாய் வீலும் வரலாறாகிவிடும் அல்லவா? ஆகிவிடாது, எல்லைக்கோடு போடலாம். ஆர்.சி.யில் 1989-க்கு முன், பழைய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறையில் இருந்தபோது பதிவான இன்ஜின், எரிபொருள் மாற்றங்களைக் காலத்துக்கு உரிய மாற்றங்களாக ஏற்கலாம். ஆவணம் இல்லாதவற்றுக்கு மாநிலக் குழு நேரில் பார்த்து முடிவு செய்யலாம். வின்டேஜ் பதிவுக்கு ஆய்வுக் குழு என்ற ஏற்பாடு விதியிலேயே உள்ளது. அதற்குள் ‘காலமாற்றம் பெற்ற வாகனம்’ என்று ஒரு துணைப்பிரிவைச் சேர்த்தால் போதும், புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

விலை பேசும்போது

இதையெல்லாம் சேர்த்தால் வாங்குபவருக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. பளபளப்புக்குப் பணம் கொடுக்காமல் ஆவணத்துக்குக் கொடுக்கலாம். ஆர்.சி.யும் பிளாக்கும் ஒத்துப்போகிற, டீசல் ஏறிய ஆண்டும் பதிவாகியிருக்கிற, தகடு காந்தத்தை இழுக்கிற வண்டி பெயிண்ட் உரிந்திருந்தாலும் நல்ல வண்டி. அதை வாங்கியவர் அவசரப்பட்டு பெட்ரோலுக்குத் திருப்ப வேண்டியதில்லை. முதலில் பிரேக், ஸ்டீயரிங், வயரிங், டயர் ஆகிய உயிர் காக்கும் நான்கையும் சரிசெய்து ஓட்டிப் பார்க்கலாம். பின்னால் அசல் இன்ஜின் வைக்க விரும்பினால் கழற்றிய டீசல் இன்ஜினையும் அதன் மவுண்டிங்கையும் விற்காமல் வண்டியோடு வைத்திருப்பது, அடுத்து வாங்குபவருக்கு முழு வரலாற்றையும் கொடுக்கும்.

விற்பவர் தரப்பில் ஒரு வேண்டுகோள் போதும். எந்தப் பட்டறையில், எந்த ஆண்டில், எந்த இன்ஜின் ஏறியது என்று ஒரு தாளில் எழுதி ஆர்.சி.யோடு வையுங்கள். அந்த வேலையைச் செய்த மெக்கானிக்குகளில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் இப்போது கேட்டால் மவுண்டிங்கை எந்த லாரிச் சேசிஸிலிருந்து வெட்டினார்கள் என்பதுவரை சொல்வார்கள். அப்படி எழுதிவைத்த வரலாற்றுக்குச் சந்தை விலை கொடுக்கத் தொடங்கும் வரை, இந்தக் கார்களை அசலாக்குகிறோம் என்ற பெயரில் இந்தச் சமவெளி செய்த வேலையின் தடயத்தை நாமே ஒவ்வொன்றாகக் கழற்றி எடைக்குப் போட்டுக்கொண்டிருப்போம்.